கால் வலிக்காமல் கலை பார்ப்பது

பெருநகரத்தில் ஒரு மாலை கெட்டுப்போனால் அதற்கு டிக்கெட் கிடைக்காதது காரணமாக இருப்பது அபூர்வம். மத்தியானம் மியூசியத்தில் நான்கு மணி நேரம், அங்கிருந்து ஓட்டமாக ஒரு நாடகம், அது முடிந்ததும் வேறொரு இடத்தில் இசை, அதற்கும் மேல் ஒரு கிளப் என்று அடுக்கிவிட்டு, நாடகத்தின் முதல் பாதியிலேயே கண் சொருகிப்போவதுதான் வழக்கமாக நடப்பது. பணத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் காலுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் கணக்குப் போடுவதில்லை. எது முதலில் தீரும் என்று தெரிந்துகொண்டால் எதை எங்கே வைப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

முதலில் தீர்வது கால். பாஸ்டன் நுண்கலை மியூசியத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே இதற்கு ‘மியூசியக் களைப்பு’ என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்க ஓர் ஆள் எப்படியெல்லாம் குனிகிறார், மண்டியிடுகிறார், கழுத்தை வளைக்கிறார் என்று படம் எடுத்தே காட்டினார். வேகமாக நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இரண்டடி நகர்ந்து நின்று, மறுபடி இரண்டடி நகர்ந்து நிற்கும் மியூசிய நடையில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதனால்தான் சாலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கும் காட்சிக்கூடத்தில் ஒன்றரை மணி நேரத்தில் கால் கனத்துப்போகிறது. அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் உட்காருங்கள். கூடத்தின் நடுவில் கிடக்கும் பெஞ்சுகள் வயதானவர்களுக்கு மட்டுமானவை என்று யார் சொன்னது? மாலை நிகழ்ச்சி இருக்கும் நாளில் மியூசியத்துக்குத் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அந்தத் தொண்ணூறு நிமிடமும் எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தொடக்க நாட்களிலும் கடைசி இரண்டு வாரங்களிலும்தான் கூட்டம் நெரியும். நடு வாரங்களில், வேலை நாளில், மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் என் தேர்வு. பெரிய மியூசியங்கள் பலவற்றில் வாரத்தில் ஓரிரு நாள் இரவிலும் திறப்பு உண்டு: பாரிஸின் லூவர் புதன், வெள்ளி இரவு 9 மணி வரை; நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் வெள்ளி, சனி 9 மணி வரை; லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் வெள்ளி 10 மணி வரை. வார விடுமுறையும் இடத்துக்கு இடம் மாறும். லூவருக்குச் செவ்வாய், மெட்ரோபாலிடனுக்குப் புதன். திங்கட்கிழமை மூடும் இடங்களும் ஏராளம். கிளம்பும் முன் அன்றைய நேரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொன்று: மூடும் நேரம் வேறு, கடைசி நுழைவு நேரம் வேறு. இரண்டுக்கும் இடையில் அரை மணியோ ஒரு மணியோ இருக்கும். காவலர்களும் மூடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே கூடங்களைக் காலிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

உள்ளே போனதும் நெரிசல் எங்கே என்று கவனித்தால் எப்போதும் முதல் அறையில்தான் இருக்கும். எல்லோரும் முன்னுரைப் பலகையைப் படிக்கிறார்கள், ஆடியோ கைடை இயக்கப் பொத்தான் தேடுகிறார்கள், டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று முதல் நான்கு படங்களின் குறிப்புகளை வரிவிடாமல் படிக்கிறார்கள். அந்த அறையைத் தாண்டி நேராகக் கடைசி அறை வரை நடந்துவிடுங்கள். நிறுத்தாமல் நடந்தால் பத்து நிமிடம். போகிற வழியில் கண்ணை இழுத்த நான்கைந்து படைப்புகளை மனதில் குறித்துக்கொண்டு, திரும்பி வரும்போது அவற்றின் முன்னால் மட்டும் நில்லுங்கள். மற்றவற்றைப் பார்க்காமல் விட்டதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். மெட்ரோபாலிடன் மியூசியத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு படைப்பின் முன் மக்கள் நின்ற நேரம் சராசரியாக 27 வினாடி; பாதிப் பேர் 17 வினாடிகூட நிற்கவில்லை. குறிப்பைப் படித்த நேரமும் அதில் சேர்த்தி. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்பவர் எதையும் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நிற்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் படத்தின் மூலைக்கு மூலை நீளத்தைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு தள்ளி நின்று முழுதாகப் பாருங்கள். குறிப்பைப் படிக்க வேண்டாம். பிறகு தரையில் கோடு இருந்தால் கோடு வரை, இல்லாவிட்டால் ஒரு கை நீட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே நெருங்குங்கள். எண்ணெய் வண்ண ஓவியமாக இருந்தால் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் இரண்டடி விலகிப் பாருங்கள். விளக்கு வெளிச்சம் சாய்வாகப் பட்டு, தூரிகை இழுத்த வரப்புகள் நிழலோடு எழுந்து நிற்கும். எங்கே அழுத்தினார், எங்கே சுரண்டினார், எந்த இடத்தில் பழைய கோட்டை மறைத்து மேலே பூசினார் என்பதெல்லாம் அந்தக் கோணத்தில்தான் தெரியவரும். அச்சுப் படத்திலோ திரையிலோ கிடைக்காதது இது ஒன்றுதான். இதற்காகத்தான் நேரில் போகிறோம். கண்ணாடிச் சட்டத்தில் விளக்கின் பளபளப்பு படத்தை மறைத்தால் இடம் மாற வேண்டாம், முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாலே பெரும்பாலும் அது விலகிவிடும். குறிப்பைக் கடைசியில் படியுங்கள். அதிலும் வியாக்கியானத்தை விட்டுவிட்டு ஆண்டு, ஊடகம் (எண்ணெயா, நீர்வண்ணமா என்பது), அளவு, யாரிடமிருந்து வந்தது என்ற நான்கு வரிகளையும் விடாமல் பாருங்கள்.

நீர்வண்ணம், அச்சு ஓவியம், துணி, பழைய புகைப்படம் வைத்திருக்கும் அறை இருட்டாக இருப்பதைப் பார்த்துப் பலர் எரிச்சல்படுவார்கள். நிர்வாகத்தின் கஞ்சத்தனம் அதற்குக் காரணமில்லை. ஒளி செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அதனால் இந்த வகைகளுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பது மியூசியங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் அளவு. வெளிச்சமான கூடத்திலிருந்து நேராக வந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் பெஞ்சுக்கு இதுதான் சரியான தருணம். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கோடுகள் தெளியும். இடையில் போன் திரையைப் பார்த்தால் அந்த ஐந்து நிமிடமும் வீண். வீடியோ படைப்புகளுக்கு வாசலிலேயே நீளம் எழுதியிருப்பார்கள். நான்கு நிமிடம் என்றால் முழுதாகப் பாருங்கள், ஐம்பது நிமிடம் என்றால் முடிவெடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

மாலை நிகழ்ச்சிக்கு வருவோம். இருக்கையில் விலைதான் தரம் என்று நினைப்பது பெரிய தவறு. நடிகரின் முகபாவம் ஏறக்குறைய 20 மீட்டர் வரைதான் பிடிபடும். நாடக அரங்கு கட்டுபவர்களே இந்த அளவை வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். எனவே நாடகத்துக்கு ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரிசைக்குள், நடுவில். நடனத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழ். முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும், ஆடுபவர்கள் தரையில் போடும் கோலம் தெரியாது. முதல் பால்கனியின் முன்வரிசை அதற்கு உத்தமம், பெரும்பாலும் விலையும் குறைவு. பியானோ வாசிப்பவரின் விரல்களைப் பார்க்க வேண்டுமானால் உங்களுக்கு இடப்பக்கம் உட்காருங்கள். திறந்த மூடி ஒலியை வாசிப்பவரின் வலப்பக்கமாக, அதாவது பார்வையாளர்களை நோக்கித்தான் தள்ளும் என்பதால் காதுக்கும் அந்த இடம் மோசமில்லை. தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: மேல்தளத்துக்கு அடியில் ஆழமாக உள்ளே போகும் பின்வரிசைகள். தலைக்கு மேல் தாழ்வான கூரை இருப்பதால் அரங்கின் மேற்பகுதியிலிருந்து திரும்பி வரும் ஒலி அங்கே வந்து சேராது. எல்லாம் அடுத்த அறையில் நடப்பதுபோல மந்தமாகக் கேட்கும்.

டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று பலகை மாட்டிய பிறகும் இடம் கிடைக்கும். ஏற்பாட்டாளர்கள், கலைஞர்களின் விருந்தினர்கள், பத்திரிகையாளர்கள் என்று ஒதுக்கிவைத்ததில் மிச்சமானதை நிகழ்ச்சியன்றுதான் விற்பனைக்கு விடுவார்கள். மதியம் ஒரு முறை, தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு முறை அரங்கின் சொந்தத் தளத்தில் தேடிப் பாருங்கள். இருவர் சேர்ந்து உட்காரத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால் வாய்ப்பு பலமடங்கு. நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் அன்றன்றைய டிக்கெட்டைத் தள்ளுபடியில் விற்கும் டிகேடிஎஸ் கூண்டு 1973 முதல் இயங்குகிறது. வியன்னா அரசு ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு. கம்பியில் ஒரு கழுத்துத் துணியைக் கட்டி இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு வெளியே போய் வருவது அங்கே பழைய வழக்கம். ஆனால் கால்களை மியூசியத்தில் செலவழித்த நாளில் நின்று பார்க்கும் டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

வெளியாட்களிடம் மறுவிற்பனையில் வாங்கினால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பல டிக்கெட்டுகளில் பார்கோடு சில வினாடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். செயலிக்குள் உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்தால்தான் அது உங்களுடையது. டிக்கெட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் ஒரே வாசலில் நிற்கும்போது நெட்வொர்க் படுத்துவிடும்.

காது கடைசியில் தீரும், ஆனால் தீர்ந்தால் திரும்ப வராது. உட்செவியின் மயிர்ச்செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நையாஷின் கணக்கு எளிது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் பதினைந்து நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பும் பதினைந்து நிமிடச் சராசரியில் 100 டெசிபல். கருவி தேவையில்லை. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் வரம்பைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நுரைப்பஞ்சு இயர்பிளக் வைப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். நுனியில் மட்டும் செருகினால் ஒலி பக்கவாட்டில் கசியும். சுத்தமான விரலால் அதை மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் வெளியேயும் இழுங்கள். அப்போதுதான் காதுக் குழாய் நேராகும். உள்ளே தள்ளி, விரிந்து நிற்கும் வரை இருபது முப்பது வினாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். பஞ்சு வகை கீச்சென்ற உச்சஸ்தாயி ஒலியை அதிகமாகவும் அடித்தள (பேஸ்) ஒலியைக் குறைவாகவும் வெட்டும். அதனால் பாட்டு கொஞ்சம் மங்கும். அடிக்கடி போகிறவர்கள் இசைக்கலைஞர்களுக்கான வகையை வாங்கலாம். அது எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கிறது, ஜால்ராவின் சத்தம்கூட ஜால்ராவாகவே கேட்கும்.

நிற்கும் கச்சேரியில் எங்கே நிற்பது? மிக்ஸிங் கன்சோலை, அதாவது எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பலகையைத் தேடுங்கள். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் கலக்குகிறார், ஆகவே அவருக்கு இரண்டு மூன்று அடி முன்னால் நிற்பவருக்குத்தான் முழுக் கலவையும் போய்ச் சேரும். மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸும் கிதார் ஆம்ப்ளிஃபையரும் நேராக மேலே விழும், பாடுபவரின் குரல் மட்டும் தலைக்கு மேலே போய்விடும். மூலைகளிலும் பின்சுவரை ஒட்டியும் அடித்தள ஒலி தேங்கி இரையும். பக்கவாட்டு ஸ்பீக்கர் அடுக்குக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்பது தற்கொலைக்குச் சமம்.

நெரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் ஆகிவிட்டால் கூட்டம் தன்னிச்சையாக அலைபாயும், நீங்கள் நடக்க மாட்டீர்கள், நகர்த்தப்படுவீர்கள். தோள் இரண்டு பக்கமும் அழுந்த ஆரம்பித்தாலே வெளியேறும் நேரம். கைகளைக் குத்துச்சண்டைக்காரரைப்போல மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். அலை தள்ளும்போது எதிர்க்காதீர்கள், ஓய்ந்ததும் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்ததை எடுக்கக் குனிய வேண்டாம், போனாக இருந்தாலும்.

கிளப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நள்ளிரவுக்கு முன் தளம் காலியாகக் கிடக்கும் இடங்கள்தான் அதிகம், ஆகவே அவசரப்பட்டு ஓட வேண்டாம். அசல் அடையாள அட்டை, எட்டுப் பேராகச் சேர்ந்து போகாமல் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போவது, ஒரு முறை வெளியே வந்தால் மறுபடி விடுவார்களா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வது. இதற்கு மேல் சூட்சுமம் ஒன்றுமில்லை. உங்கள் கிளாஸை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். உள்ளே நுழைந்ததும் வந்த வாசலைத் தவிர இன்னொரு வழி எங்கே என்று ஒரு பார்வை பாருங்கள். கோட்டையும் பையையும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் விளக்கு போட்ட பிறகு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது நீங்கள் தெருவில் இருப்பீர்கள்.

திரும்பும் வழியை முதலிலேயே பாருங்கள். கடைசி ரயில் வேலை நாளுக்கு ஒரு நேரம், வாரக் கடைசிக்கு ஒரு நேரம். இரவுப் பேருந்து வேறு நிறுத்தத்திலிருந்து கிளம்பலாம். கச்சேரி விட்டதும் வாசலிலேயே டாக்ஸி கூப்பிட்டால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்பதால் கட்டணம் ஏறும், ஓட்டுநருக்கும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு தெரு தள்ளி, பெயர்ப்பலகை தெரியும் ஒரு மூலைக்கு நடந்துபோய் அங்கிருந்து கூப்பிடுங்கள். அதற்குத் தேவையான இருபது சதவீத பேட்டரியை கச்சேரியை வீடியோ எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். அந்த வீடியோவில் ஒலி எப்படியும் கரகரவென்றுதான் இருக்கும்.