பேதைமை உரைத்தாய் பிள்ளாய்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்வழியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வீட்டில் கொங்குத் தமிழ், கடையில் மலையாளம், வகுப்பில் பாடநூல் தமிழ் என்று ஒரே நாளில் மூன்றையும் பேசுகிற பிள்ளைகள். போன வருடம் அவர்களோடு ஒரு நாடகத்தில் அப்பாவும் மகனும் மோதும் காட்சியை அலசலாம் என்று இறங்கினேன். மூன்று வாரம் ஆனது.

எந்தக் காட்சி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில், கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடத்தில் நடக்கும் தோல்பாவைக் கூத்தில், திரைக்குப் பின்னால் புலவர்கள் பாடுவது கம்பன் பாட்டு. இராவண வதத்தின்போது பகவதி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாளாம். பார்க்கக் கிடைக்காமல் போனதை அவளுக்கு ஆடிக் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். இதைவிடப் பக்கத்தில் வேறு நாடகம் ஏது?

போரில் வெல்ல நிகும்பலையில் நடத்திய வேள்வி அழிந்து, காயத்தோடு திரும்பிவந்த இந்திரசித்து அப்பாவிடம் பேசும் இடத்தை எடுத்துக்கொண்டேன். சீதை மேல் வைத்த ஆசையை விட்டால் இராமனும் இலக்குவனும் கோபம் தீர்ந்து போய்விடுவார்கள் என்கிறான் மகன். பயந்து சொல்லவில்லை, ‘உன்மேல் காதலால் உரைத்தேன்’ என்கிறான். இராவணன் பதில்: ‘பேதைமை உரைத்தாய் பிள்ளாய்!’

முதல் வகுப்பு வீணாகப் போனது. தப்பு என்னுடையதுதான். ‘யார் பக்கம் நியாயம்?’ என்று கேட்டேன். ‘மகன் பக்கம் டீச்சர்’ என்று நாற்பது குரலும் ஒன்றாகச் சொன்னது. அதற்குமேல் பேச அங்கே எதுவும் இல்லை. ‘காதலால்’ என்ற சொல்லுக்கு ஒரே சிரிப்பு வேறு. பெற்றவர் மேல் பிள்ளை வைக்கும் பாசத்துக்கும் அன்றைக்கு அதுதான் சொல் என்று விளக்கியதும் சிரிப்பு அடங்கியது.

அடுத்த நாள் இன்னொரு தப்பு செய்தேன். அவரவர் அப்பாவோடு போட்ட சண்டையைப் பற்றி எழுதச் சொன்னேன். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் தாளில் தேதியை மட்டும் எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, கட்டத்தின் மேலேயே பேனாவை ஓட்டி ஓட்டித் தாளைக் கிழித்துவிட்டான். எல்லாத் தாளையும் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வீட்டுக் கதையைக் கேட்டு வாங்கக் கூடாது. நாடகத்தில் இருக்கும் அப்பாவைப் பற்றிப் பேச விட்டால், சொல்ல விரும்புகிறவர்கள் அதற்குள் வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அதற்கப்புறம்தான் பாவைக்குப் போனேன். பழைய பாவைகள் மான்தோலில் செய்தவை. எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும் என்றாகிவிட்டது. மாடத்தில் கட்டுவதுபோல் மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. அங்கே தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்கு எரியும். நாங்கள் மூன்று ஏற்றினோம். டிசம்பர் மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்து மூன்றையும் அணைத்துவிட்டது. சரி என்று செல்போன் டார்ச்சுக்கு மாறினோம்.

ஒரே ஒரு விதி வைத்தேன். ஒவ்வொருவரும் இரண்டு பாவையையும் பிடிக்க வேண்டும், முதலில் மகன், பிறகு அப்பா. ஒவ்வொரு வரியையும் சொன்னபின், அந்த ஆளுக்கு அப்போது என்ன வேண்டும், எதற்குப் பயம் என்பதையும் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் முகம் தெரியாது என்பதால் கூச்சம் போய்விட்டது.

இராவணனைப் பிடித்த ஒரு பெண் ‘பிள்ளாய்’ என்பதில் நின்றுவிட்டாள். ‘டீச்சர், திட்டுறப்போ எங்கப்பாவும் என்னைச் சாமின்னுதான் கூப்பிடுவாருங்க. இதைக் கத்திச் சொல்லணுமா, மெதுவாச் சொல்லணுமா?’ என்று கேட்டாள். இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். கத்தியபோது இராவணன் வெறும் அரக்கனாக இருந்தான். மெதுவாகச் சொன்னபோது வகுப்பே அமைதியானது.

அங்கிருந்து அதே பேச்சில் வரும் இன்னொரு பாட்டுக்கு நகர்ந்தோம். முன்பு போருக்குப் போய் இறந்தவர்கள் இந்தப் பகையை முடிப்பார்கள் என்றோ, நீ வென்று தருவாய் என்றோ நம்பி அல்ல, ‘என்னையே நோக்கி யான் இந்நெடும்பகை தேடிக்கொண்டேன்’ என்கிறான் இராவணன். இது கர்வம் என்றார்கள் பாதிப் பேர். ‘உன் மேல பாரத்தை வைக்கலைன்னு மகனுக்குச் சொல்றாருங்க’ என்றார்கள் மீதிப் பேர். ஒரு பீரியட் முழுக்கச் சண்டை. நான் வாயைத் திறக்கவில்லை, ‘எந்த வரியில் இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினார்கள். தாளைக் கிழித்த பையன் எழுதியது நான்கே வரி: ‘இராவணன், மகன் சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் காதில் விழுந்துவிட்டது. அதனால்தான் அடுத்து நானே சண்டைக்குப் போகிறேன் என்று கிளம்புகிறான். மகன்தான் அவனை நிறுத்திவிட்டுத் தான் போகிறான்.’ நான் அந்த இடத்தை அதுவரை அப்படிப் படித்ததில்லை. அவனைக் கூப்பிட்டு, இதை வகுப்பில் படிக்கலாமா என்று கேட்டேன். ‘பேர் சொல்லாமப் படிங்க டீச்சர்’ என்றான். அப்படியே படித்தேன்.