ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை: மையத்தைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

என் கணவருக்கு ஏ.எம்.எல். வகை இரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியது. மீண்டும் தலைதூக்காமலிருக்க ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை, அதாவது இரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்களைக் கொடையாளியிடமிருந்து பெற்று ஏற்றுவது, தேவை என்றார்கள். மதுரையிலிருக்கும் என் நாத்தனாரின் எச்.எல்.ஏ. (கொடையாளியும் நோயாளியும் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்கும் அணு அடையாளம்) முழுமையாகப் பொருந்தியது. உடன்பிறந்த ஒருவர் அப்படிப் பொருந்த நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பாதிக் கவலை அதிலேயே போயிற்று.

மீதிக் கவலை, எங்கே செய்துகொள்வது என்பது. அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ஊரிலேயே நடுத்தர மையம் ஒன்று உண்டு. தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னதோ, விமானத்தில் போகவேண்டிய, பெயர்பெற்ற பெரிய மையம்.

ஊர்ப்பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது இந்த நாட்டில் ஒரு வசதி. 2005இல் வந்த சட்டத்தின்படி, பிறர் தரும் ஸ்டெம் செல்லைக் கொண்டு செய்யும் மாற்று சிகிச்சைகளின் விவரங்கள் சி.ஐ.பி.எம்.டி.ஆர். என்ற ஆய்வு அமைப்புக்குப் போகின்றன. ஒவ்வொரு மையத்திலும் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று அது ஆண்டுதோறும் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பார்த்தால், பெரிய மையத்தின் சதவீதம் எங்கள் ஊர் மையத்தைவிடக் குறைவு! என் தம்பி கணக்கில் புலி. அவன்தான் அறிக்கையின் அடுத்த பத்தியைப் படிக்கச் சொன்னான். பிற இடங்களின் மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகள் பெரிய மையத்துக்குத்தான் போகிறார்கள். சதவீதம் இறங்காமல் என்ன செய்யும்? அதனால்தான் வயது, நோயின் நிலை, கொடையாளியின் பொருத்தம், மற்ற உடல்நலக் கோளாறுகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து, இத்தகைய நோயாளிகளிடம் எதிர்பார்க்கக்கூடிய வீச்சு எது என்பதையும் அறிக்கை சொல்கிறது. உதாரணமாக, எதிர்பார்ப்பு 62 முதல் 78 சதவீதம், கிடைத்தது 66 என்றால் அந்த மையம் ‘எதிர்பார்த்தபடி’. வீச்சுக்கு மேலே போனால் சிறப்பு. கீழே போனால் நாம் காரணம் கேட்க வேண்டும். பெரும்பாலான மையங்கள் நடுவில்தான் நிற்கின்றன. நாங்கள் பார்த்த இரண்டும் அப்படியே.

சிறிய மையங்களைப் படிக்கும்போது இன்னும் நிதானம் தேவை. இருபது பேருக்குச் சிகிச்சை நடந்த இடத்தில் ஒரே ஒரு மரணம் ஐந்து சதவீதத்தைப் புரட்டிவிடும். மேலும் அறிக்கையில் இருப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்கள். இடையில் மருத்துவர் மாறியிருக்கலாம், மருந்தும் மாறியிருக்கலாம். தன்னுடைய ஸ்டெம் செல்லையே திரும்பப் பெறும் மைலோமா (இன்னொரு வகை இரத்தப் புற்றுநோய்) நோயாளிகள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. ஓராண்டு முடிவில் கொடையாளியின் அணுக்கள் தோலையும் கண்ணையும் நுரையீரலையும் தாக்கி ஒருவர் அவதிப்பட்டுக்கொண்டிருந்தாலும், அறிக்கையில் அவர் உயிரோடிருப்பவர், அவ்வளவுதான். ஆகவே அறிக்கை சொல்லாததை மருத்துவர்களிடம் கேட்டேன். இதே நோய், இதே வயது, உடன்பிறந்தவர் கொடை என்றால் ஆண்டுக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? நோய் திரும்புவது எவ்வளவு, சிகிச்சையின் பாதிப்பால் இறப்பது எவ்வளவு? நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் தொலைபேசியை எடுப்பவர் யார்? உள்ளூர் மருத்துவர் முதல் இரண்டுக்கும் கோப்பைத் திறந்து பதில் சொன்னார். மூன்றாவதுக்குத் தன் மையத்தின் இரவுநேர எண்ணை எழுதிக் கொடுத்தார்.

சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ நூறு நாள் மையத்துக்கு அருகிலேயே, துணைக்கு ஒருவருடன் தங்க வேண்டும். வெளியூரில் வீடு, பள்ளிக்குப் போகும் குழந்தைகள், என் வேலை என்று பார்த்தால் தூரம் தானே ஓர் ஆபத்து. ஆனாலும் பெரிய மையத்தை விட்டுவிடவில்லை. காணொளி வழியே இரண்டாவது கருத்துக் கேட்டோம். காப்பீட்டு நிறுவனம் அதற்கு ஒப்புக்கொண்டது. கோப்பைப் படித்த மருத்துவர், தானும் இதே திட்டத்தைத்தான் தருவேன் என்றார்.

ஊரிலேயே செய்துகொண்டோம். நாத்தனாரின் விசாவுக்குக் கடிதமும் அந்த மையமே கொடுத்தது.