146 ஜிபி டிஸ்க் தேடி காந்திபுரம் வரை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கிளினிக்கின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெல் பவர்எட்ஜ் 2950, பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் பெர்க் 6/ஐ ரெய்டு கார்டு, சர்வர்களுக்கான சாஸ் வகையில் 146 ஜிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 முறையில் சேர்த்தது. பழைய பெட்டிதான், ஆனால் பத்து வருஷமாக வந்துபோன நோயாளிகளின் விவரமெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை ரிசப்ஷன் பெண் போன் செய்தாள். "அண்ணா, பெட்டியில ஒரு லைட்டு மட்டும் மஞ்சளா மின்னுது." மூன்றாவது டிஸ்க் போயிருந்தது.

முதல் வேலையாக பேக்கப் எடுத்தேன். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் வேலை நிற்காது, இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு. புது டிஸ்க் போட்டதும், போன டிஸ்கில் இருந்ததை அதில் திரும்ப எழுதும் ரீபில்டு ஓடும். அப்போது மிச்சமிருக்கும் மூன்றையும் முழுக்கப் படித்தாக வேண்டும். மூன்றும் ஒன்றாக வாங்கியவை, சித்தூர் தாலுகா வெயிலில் ஒன்றாகவே ஓடியவை. அந்த பயம்தான் எனக்கு.

146 ஜிபி இப்போது புதிதாகக் கிடையாது. அதே அளவோ அதற்கு மேலோ இருந்தால் கார்டு ஏற்றுக்கொள்ளும். கூடுதல் இடம் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். சாதாரண கம்ப்யூட்டரில் வரும் சாட்டா டிஸ்கும் இந்தப் பெட்டியில் ஓடும் என்றாலும் சாஸ் டிஸ்குகளோடு ஒரே ரெய்டில் சேராது. அதனால் நிமிஷத்துக்கு 15,000 சுற்று சுற்றும் 300 ஜிபி சாஸ் டிஸ்க் ஒன்றை பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் தபாலில் வாங்கினேன். பழைய ட்ரேயின் நான்கு திருகைக் கழற்றி அதில் மாட்டிச் செருகினால், கார்டு ஏற்கவே இல்லை.

டிஸ்க் செத்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த நாள் வேலந்தாவளம் வழியாக கோயம்புத்தூர் பஸ் பிடித்து, காந்திபுரத்தில் தெரிந்த கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் அதை ரெய்டு இல்லாத சாதாரண சாஸ் கார்டில் மாட்டி டிஸ்கின் விவரத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டினார். டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டுதான் செக்டர்; அதன் அளவு 520 பைட் என்று வந்தது. பெரிய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றியது. அவற்றில் ஒவ்வொரு செக்டரிலும் சரிபார்ப்புக்காக 8 பைட் கூடுதலாக இருக்கும். நம் கார்டுக்கு 512 வேண்டும். விற்றவர் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செக்டர் அளவை மாற்றி ஃபார்மேட் செய்யும் எஸ்ஜி-ஃபார்மேட் கட்டளையில் 512 கொடுத்து கடைக்கார அண்ணன் ஓடவிட்டார். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் கரண்ட் போகக் கூடாதே என்று யூபிஎஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பேராக இன்னொன்றும் அங்கேயே வாங்கினேன். அது வேறு சர்வரில் ரெய்டாக ஓடியது. அப்படிப்பட்ட டிஸ்கைச் செருகினால், வேறு ரெய்டைச் சேர்ந்தது என்று கார்டு 'ஃபாரின்' எனக் காட்டும், அந்தப் பழைய ரெய்டு விவரத்தை கிளியர் செய்ய வேண்டும். ஆனால் கிளியர் கொடுத்தால் ஃபாரின் என்று காட்டும் எல்லா டிஸ்குக்கும் சேர்த்தே நடக்கும். பட்டியலில் அந்த ஒன்று மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.

மாலை கிளினிக் மூடியதும் 300 ஜிபியைச் செருகினேன். ரீபில்டு தானாகவே ஆரம்பித்தது. இரவு பத்தரைக்கு நான்கு விளக்கும் பச்சை. ஸ்பேர் டிஸ்க் இப்போது அலமாரியில் இருக்கிறது, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'சாஸ், 300, 512 பார்த்தாச்சு, கிளியர் பண்ணணும்.'