வீட்டு விலைக்கு மேல் கையில் எவ்வளவு வேண்டும்?

60 லட்சத்துக்கு ஒரு பழைய வீட்டைப் பேசி முடிக்கிறோம். வங்கி 80% தரும், கையில் 12 லட்சம் இருக்கிறது, போதும் என்று நினைத்து அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறோம். பதிவுக்கு நாள் குறிக்கப் போகும்போதுதான் இன்னும் ஆறேழு லட்சம் புரட்ட வேண்டும் என்று தெரிகிறது. தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர்களில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90% வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. அந்த மதிப்பில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. 10 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பதிவுச் செலவு முழுக்க உங்கள் கைக்காசு.

மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. இந்த 2% ஏப்ரல் 2023 முதல் உள்ளது, அதற்கு முன் 4%. 60 லட்சத்துக்கு 4,20,000 + 1,20,000, மொத்தம் 5,40,000 ரூபாய். பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கணக்கு. விலை குறைத்துப் பேசிவிட்டோம் என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். சர்வே எண்ணுக்கு ஒரு மதிப்பு, தெருப் பெயருக்கு இன்னொரு மதிப்பு என்று இருப்பதும் உண்டு. எது பொருந்தும் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்பது நல்லது.

புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குக் கணக்கு வேறு. டிசம்பர் 2023 முதல் நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை தீர்வை 4%, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5%, அதற்கும் மேல் 7%. பதிவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 2%. 50 லட்சம் வீட்டுக்கு 3 லட்சம் ஆகும். 51 லட்சம் என்றால் 3,57,000. விலையில் ஒரு லட்சம் கூடினால் பதிவில் 57,000 கூடுகிறது. எல்லையை ஒட்டி விலை சொல்லும் பில்டரிடம் இதைக் காட்டிப் பேரம் பேசலாம்.

பதிவில் மிச்சமாவதை ஜிஎஸ்டி எடுத்துக்கொண்டு போய்விடும். கட்டி முடித்ததற்கான சான்று வாங்குவதற்கு முன் விற்கும் வீட்டுக்கு 5% ஜிஎஸ்டி. விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள்ளும் (மற்ற ஊர்களில் 90) இருந்தால் 1%. சான்று வாங்கிய பிறகு விற்றால் ஜிஎஸ்டியே கிடையாது. மறுவிற்பனைக்கும் கிடையாது. 60 லட்சத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் பதிவு 4,20,000, ஜிஎஸ்டி 3,00,000, ஆக 7,20,000. அதே விலைப் பழைய வீட்டைவிட 1,80,000 கூடுதல். இதற்கு மேல் கார் பார்க்கிங், மின் இணைப்பு, கார்பஸ் ஃபண்ட் (குடியிருப்பின் பொது வைப்பு நிதி), ஒரு வருடப் பராமரிப்பு என்று பில்டர் தனித்தாள் நீட்டுவார். அந்தத் தாளை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். வங்கியின் பேனல் வக்கீல் பார்க்கிறாரே, நமக்கு எதற்குத் தனியாக என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பார்ப்பது வங்கியின் கடன் திரும்பி வருமா என்பதற்காக. உங்களுக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும். தாய்ப்பத்திரங்கள் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்), 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்), பட்டா, புலப்படம், வாரிசுச் சான்று, திட்ட அனுமதி எல்லாவற்றையும் படித்து எழுத்தில் கருத்துரை தர வேண்டும். வெறுமனே "எல்லாம் சரியா இருக்கு சார்" என்ற வாய்வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றில் எல்லாமே தெரிந்துவிடாது. பதிவு செய்யாத உயில், பத்திரத்தில் விட்டுப்போன வாரிசு, பதிவு செய்யாமல் வைத்த அடமானம் எதுவும் அதில் வராது. அசல் தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கடன் வாங்கினால் இன்னொரு பதிவும் உண்டு. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம், பேச்சுவழக்கில் எம்ஓடி. அதற்குத் தீர்வை கடன் தொகையில் 0.5%, உச்சம் 30,000. 48 லட்சம் கடனுக்கு 24,000. பதிவுக் கட்டணம் தனி. வங்கியின் பிராசஸிங் கட்டணம் 0.35% என்றால் 16,800, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 3,024. கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டையும் கட்டாயம் போலச் சொல்லுவார்கள். அதை வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டுமென்றால் வெளியில் டெர்ம் பாலிசியாக எடுங்கள்.

இனி கூட்டிப் பார்க்கலாம். கைப்பங்கு 12,00,000, பதிவு 5,40,000, எம்ஓடி தீர்வை 24,000, பிராசஸிங் 19,824. தரகர் 1% கேட்டால் 60,000. வக்கீலுக்கு 15,000, பத்திரம் எழுத 10,000 என்று வைத்தால் எம்ஓடி பதிவுக் கட்டணம் சேர்க்காமலே மொத்தம் 18,68,824. வீட்டுக்குள் ஒரு ஃபேன் மாட்டுவதற்கு முன்பே ஆகும் செலவு இது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1% டிடிஎஸ் (விற்பவரின் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து கழிப்பதால் உங்களுக்குக் கூடுதல் செலவில்லை. ஆனால் முழுப் பணத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டால் பிறகு அந்த 1%, நம் கணக்கில் 60,000, உங்கள் தலையில் விழும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் சேரும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய விகிதம் இதைவிட மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

குறையும் பணத்துக்குப் பெர்சனல் லோன் எடுத்தால் அதன் மாதத் தவணை உங்கள் வீட்டுக் கடன் தகுதியை அப்படியே சாப்பிட்டுவிடும். பி.எஃப். முன்பணம், எஃப்.டி., நகைக் கடன் என்ற வரிசையில் யோசியுங்கள். பி.எஃப். விண்ணப்பத்தைப் பதிவுக்கு ஒரு மாதம் முன்பே போடுங்கள். ஒப்பந்தத்தில் விலையை ஏற்றிக் காட்டி அதிகக் கடன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வங்கி தன் மதிப்பீட்டாளரை வைத்துத்தான் பார்க்கும். ஏற்றிக் காட்டிய தொகைக்கும் 9% நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை விடாமல் எழுதச் சொல்லுங்கள். கடன் மறுக்கப்பட்டாலோ, பத்திரத்தில் குறை இருப்பதாக வக்கீல் எழுத்தில் சொன்னாலோ, முழு அட்வான்ஸும் இத்தனை நாளில் திரும்பத் தரப்படும் என்பவைதான் அவை. இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்குக்குள் அட்வான்ஸ் இழப்பும் வந்து சேரும்.

தீர்வையும் கட்டணமும் ஆன்லைனில் கட்டுகிறோம். 5,40,000 ரூபாயைக் கட்ட உட்காரும்போது வங்கிச் செயலியின் தினசரி வரம்பு 2 லட்சம் என்று வரும். வரம்பை ஏற்றினாலும் பல வங்கிகளில் உடனே அமலுக்கு வராது, பதிவுக்கு நேரம் குறித்து எடுத்த டோக்கன் வீணாகும். வரம்பைப் பதிவுக்கு ஒரு வாரம் முன்பே ஏற்றிவையுங்கள்.

பதிவு முடிந்ததும் பத்திரம் அன்றே கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். கட்டடம் இருந்தால் பதிவுத்துறையிலிருந்து களப்பணிக்கு வந்து அளப்பார்கள். பத்திரத்தில் 900 சதுர அடி என்று எழுதி, மாடியில் போட்ட அறையை விட்டிருந்தால் வித்தியாசத் தொகை கட்டிய பிறகே பத்திரம் கிடைக்கும். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு என ஒவ்வொன்றிலும் பெயர் மாற்ற வேண்டும். விற்பவர் வைத்த சொத்து வரி பாக்கியும், அடுக்குமாடி என்றால் சங்கப் பராமரிப்பு பாக்கியும் இருக்கிறதா என்று கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் ரசீதோடு பார்த்துவிடுங்கள். பணம் கை மாறிய பிறகு அந்த பாக்கியைக் கேட்டு உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.