சூச்சர் தெரிந்துவிட்டது, பெயர் இன்னும் பென்சிலில்தான்

கையிலிருக்கும் அமோனைற்றில் (சுருள் ஓட்டுக் கடலுயிரின் புதைபடிவம்) கடைசியில் சூச்சர் கோடு, அதாவது அறைச்சுவர் ஓட்டோடு சேரும் கோடு, வெளி விளிம்பிலிருந்து தொப்புள் (சுருளின் நடுக் குழி) வரை அறாமல் தெரிகிறது. அந்தக் கோட்டின் பக்க மடல் (பக்கவாட்டில் பின்னோக்கி வளையும் பகுதி) மூன்றாகப் பிளந்திருக்கிறது. இரண்டாகப் பிளந்திருந்தால் லைட்டோசெராஸ் என்ற அமோனைற்றுப் பேரினத்தின் பக்கம் தேட வேண்டி வந்திருக்கும். விட்டம் 62 மி.மீ., தொப்புள் 19, அதாவது 31 சதவீதம். முன்னோக்கி வளையும் இடுக்குப் பள்ளங்களும் உண்டு. புசோசியா என்ற பேரினப் பெயரைப் பென்சிலில் குறித்தாயிற்று.

உயிரை வாங்கியது ஓடு அகற்றும் வேலைதான். அசற்றிக்கமிலம் இதற்குச் சரிவராது. ஓடும் கல்சைற்று (சுண்ணக் கனிமம்), அறைகளை நிரப்பியதும் கல்சைற்று. அமிலம் இரண்டையும் சேர்த்தே தின்னும். கிரைண்டர் அதைவிட மோசம். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மடல் நுனிச் சுருக்கங்கள் மழுங்கி, எளிய கோடு மட்டும் மிஞ்சும். பிறகு அதை வைத்துக்கொண்டு 'புதிய இனம்' என்று துள்ளுவார்கள்! பத்தர்மார் பாவிக்கும் சிற்றுளியைப் படுக்கச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்சின் கீழ் ஓட்டைச் செதில் செதிலாக எழுப்புவதுதான் வழி. ஈரத் தூரிகையால் இடைக்கிடை தடவுங்கள், கோடு கறுத்துத் தெரியும். தெரிந்ததும் உளியைக் கீழே வைத்துவிட வேண்டும். கோட்டைப் படியெடுக்க ஒட்டுநாடாவை ஒடுக்கமாக வெட்டி ஒட்டுங்கள். அகல நாடா வளைவில் சுருங்கி மடலின் அகலத்தையே மாற்றிவிடும்.

கடைசி அறைச்சுவர்கள் நெருங்கவில்லை, ஆகவே இது முதிர்ந்ததல்ல. ஒப்பிடுவதென்றால் இதே விட்டத்தில் வரைந்த சூச்சரோடுதான், ஏனென்றால் வளர வளரச் சுருக்கம் கூடும். லேபலில் 'ஊட்டத்தூர்' மட்டும். திருச்சிப் பக்கத்து அந்தப் பாறைக் குழுமம் கிரேத்தேசியக் காலத்தின் அல்பியன் கட்டத்திலிருந்து தூரோனியன் கட்டம் வரை நீளும். எந்தப் படை என்று தெரியாத கல்லுக்குப் புதுப் பெயர் வைப்பது வீண்.

மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சுருள் எடுத்து 'அமோனைற்றா?' என்று கேட்கிறவர்களுக்கு: அது மிகப் பிந்திய மயோசீன் காலத்துக் கல். அமோனைற்றுகள் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோயின. குறுக்கே வெட்டிப் பாருங்கள், அறைச்சுவர் இராது, நத்தைதான்.

படமெடுக்க, மேடுபள்ளம் தெளிவாகத் தெரியக் கல்லில் நவச்சாரப் புகையை வெள்ளைப் பூச்சாகப் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர்கள் அருகிவிட்டதால் நவச்சாரம் தேடுவதே பாடு. ஒரு கடையில் தந்தது ஈரம் குடித்த தூள். சூடாக்கினால் குழாய் வாயால் தண்ணீர் தெறித்துக் கல்லில் கறை விழும். உலர்த்தித்தான் பாவிக்கலாம். மாரிக் காற்றில் பூச்சும் திட்டுத் திட்டாகும். சோளகம் தொடங்கட்டும். அதற்கிடையில் சிலிக்கோன் அச்சு ஒன்று எடுக்க யோசனை, வெட்டுமுகத்தை அதில் வரைந்துகொள்ளலாம்.