கெளுத்திக்கு ஐப்பசி விடுப்பு வாங்கிய அனுபவம்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணியில் வலை போட்டால், நாட்டுக் கெளுத்தி குறைந்து ஆப்பிரிக்கக் கெளுத்திதான் அதிகம் விழுந்தது. தட்டைத் தலை, முதுகு நெடுக ஓடும் துடுப்பு, பார்த்ததும் தெரியும். 2000-லேயே வளர்க்கத் தடை வந்த மீன். அது கிடைத்தால் ஆற்றில் திரும்ப விடக்கூடாது என்றதும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நாட்டுக் கெளுத்தியைக் கொஞ்ச நாள் விட்டுவைப்போம் என்றபோதுதான் சண்டை.

முதலில் நான் சொன்ன வழியே தப்பு. பெரிய கண் வலை போட்டால் குஞ்சு தப்பிக்கும் என்று ஆறு பேரை வாங்க வைத்தேன். கெண்டைக் குஞ்சு நழுவிப் போனது, கெளுத்தி போகவில்லை. மிரண்டால் முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் விறைத்துக்கொள்ளும். பக்க முள்ளில் ரம்பம் மாதிரிப் பல் இருக்கிறது. விரல் நீளக் குஞ்சுகூட அதில் வலையின் தங்கூசி நூல் சுற்றித் தொங்கியது. பிரித்தெடுப்பதற்குள் முள் ஒடிந்துவிடும். என் பேச்சைக் கேட்டு அவர்கள் போட்ட காசு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

வலைக்கண்ணை மாற்றிப் பயனில்லை, வலை போடும் நாளைத்தான் மாற்ற வேண்டும் என்று அப்போது புரிந்தது. எந்த நாளில் மீனில் சினை இருக்கிறது என்று குறிக்க ஒரு நோட்டு வாங்கினேன். மீன் ஆயும்போது சினை இருந்தால் சொல்லுங்கள் என்று மதினியிடம் கேட்டுக்கொண்டேன். ஐப்பசியில் புதுத்தண்ணி வந்ததும், "இன்னைக்கும் முட்டைதான் தம்பி" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்கள். கசகசா அளவில் மஞ்சளாக, கை நிறைய இருக்கும்.

நோட்டோடு ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். பெரியவர் ஒருவர் எழுந்தார். "நான் விட்டா அக்கரைக்காரன் பிடிப்பான்வே. எம் பேரனுக்கு பீஸ் நீரு கட்டுவீரா?"

அவர் கேட்டது நியாயம். அக்கரைக்கு மூன்று தடவை நடந்தோம். ஐப்பசி முதல் தேதியிலிருந்து கார்த்திகை பாதி வரை வாய்க்கால் வாயிலும் கரைப் புல்லிலும் வலை கிடையாது, பெரிய ஊசித் தூண்டில் மட்டும் போடலாம், சினை மாட்டினால் விட்டுவிட வேண்டும், ஆப்பிரிக்கக் கெளுத்தியை எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று இரண்டு கரையும் சம்மதித்தது.

போன கார்த்திகையில் அந்தப் பெரியவரே தூண்டிலில் வந்த கெளுத்தியைப் பக்க முள்ளுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் விட்டார். ராத்திரி வலை போடுகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த ஐப்பசிக்குள் அவர்கள் வீட்டுக்கும் நோட்டைக் கொண்டு போகணும்.