உஸ்தாத் ஹோட்டல் பார்த்தேன், தம் பிரியாணி பழகுகிறேன்

2012இல் வந்த 'உஸ்தாத் ஹோட்டல்' மலையாளப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் சுலைமானி டீயில்தான் போய் நிற்பார்கள். கோழிக்கோட்டுக் கடற்கரை, திலகன், கண்ணாடி டம்ளரில் டீ. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் என்னை அடுப்படியில் உட்கார வைத்தது வேறு இடம். சுவிட்சர்லாந்தில் சமையல் படித்துவிட்டு வந்த பேரன் ஃபைசியின் கையில், கடை நடத்தும் தாத்தா கரீம் இக்கா (திலகன்) உடனே கரண்டியைக் கொடுத்துவிடுவதில்லை. கடையின் எடுபிடி வேலை எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறார். சமைக்க ஆசைப்படுவது வேறு, சமையற்காரன் ஆவது வேறு என்பதை அந்தப் பெரியவர் வாயால் சொல்லாமல் வேலை வாங்கியே புரிய வைக்கிறார். அதைப் பார்த்த பிறகு, நானும் ஒரே ஒரு உணவை அடியிலிருந்து கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மலபார் தம் பிரியாணி. இதுவரை வந்திருக்கும் தூரத்தை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் நீலகிரியில் இருக்கும் கூடலூர். நாடுகாணி தாண்டி இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர். பாட்டவயல் தாண்டினால் சுல்தான் பத்தேரி. 1877 வரை இந்தப் பகுதியே வயநாட்டோடு சேர்ந்துதான் இருந்தது. அதனால் இங்கே மலையாளப் படம் பார்ப்பதை யாரும் வேற்றுமொழிப் படம் பார்ப்பதாக நினைப்பதில்லை. நாங்கள் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். பக்கத்து வீட்டு இத்தா (மலபார் முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நிலம்பூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வாரம் முழுக்க எனக்குத் தையல் மெஷின்தான். ஞாயிற்றுக்கிழமை இத்தா வீட்டு அடுப்படி.

முதல் சில வாரங்கள் வெங்காயம் மட்டும்தான். ஒரு கிலோ அரிசிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வெங்காயம். அதில் ஒரு பங்கை மெலிதாக, ஒரே கனத்தில் நறுக்கி நெய்யும் எண்ணெயும் கலந்து பொரிக்க வேண்டும். கனம் மாறினால் ஒன்று கருகும்போது மற்றொன்று வெந்துகொண்டிருக்கும். பொன்னிறம் வந்த பிறகு எடுக்கலாம் என்று நின்றால் நேரம் கடந்துவிடும். எண்ணெயை விட்டு எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே நிறம் ஏறும். ஆகவே வைக்கோல் நிறத்தில் இருக்கும்போதே வடித்தட்டில் அள்ளிப் பரப்பிவிட வேண்டும். மீதி வெங்காயம் மசாலாவுக்கு. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைக்காமல் இடித்துப் போடுகிறார் இத்தா. மிளகாய்த்தூள் கிடையாது. காரம் முழுக்கப் பச்சை மிளகாயில்தான். தக்காளி கொஞ்சம், தயிர், எலுமிச்சை, மல்லி, புதினா. கோழி தன் தண்ணீரிலேயே வேகும்.

அரிசிக்கு வருகிறேன். இதில்தான் அதிகக் காலம் போயிற்று, போகவும் வேண்டும். மலபார் பிரியாணியில் பாசுமதி போட்டால் எனக்கு ஒப்பாது. கைமா அல்லது ஜீரகசாலா அரிசி வேண்டும். சீரகம் போலச் சின்ன மணி, பானையைத் திறந்ததும் தனி வாசனை. வயநாட்டு ஜீரகசாலாவுக்கும் கந்தகசாலாவுக்கும் 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு பத்தேரிக்கு பஸ் ஏறினால் கிடைத்துவிடும் என்பது இந்த ஊரில் வாழ்வதன் பெரிய வசதி. கழுவி, கொஞ்ச நேரம் வடிய விட்டு, நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு வறுக்க வேண்டும். நீண்ட நேரம் ஊறப் போட்டால் இந்தச் சின்ன மணி கிளறும்போது உடையும். வறுக்கும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஈரம் இருக்கும் வரை மெல்லிய சீறல் வரும். அது அடங்கி, கரண்டியில் அரிசி பட்டால் மணல் உரசுகிற சத்தம் கேட்கும். அப்போது கொதிநீர் ஊற்ற வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை. பழைய அரிசியானால் சற்றுக் கூட.

கோழிக்கோட்டுக்காரர்கள் சொல்லும் நேரக் கணக்கு எங்கள் ஊரில் அப்படியே நிற்காது. அது கடலோர ஊர். கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிப்பது சீக்கிரம், வேகுவது தாமதம். மழைக்காலக் குளிரில் பாத்திரமும் சீக்கிரம் ஆறும். நேரம் கூடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் குழைந்துவிடும். "வெள்ளம் கொறச்சு மதி, மோளே" (தண்ணீர் கொஞ்சம் போதும், மகளே) என்று இத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். தண்ணீரைக் கூட்டாமல், மூடியை இறுக்கி, தீயைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு மணியை விரலிடுக்கில் நசுக்கிப் பார்க்கிறேன். ஓரம் மசிந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் தம்முக்குத் தயார்.

தம் போடுவது அழகான வேலை. செம்பு என்பது இங்கே பெரிய பிரியாணிப் பாத்திரம். அதன் அடியில் மசாலா, மேலே சோறு, பொரித்த வெங்காயம், முந்திரி, திராட்சை, மல்லி, நெய். மூடியின் ஓரத்தில் மைதா மாவைத் திரித்து ஒட்டி அடைக்க வேண்டும். அடியில் தணல், மூடியின்மேல் சிரட்டைக் கனல். மேலே எதற்கு நெருப்பு என்று எனக்கு நெடுநாள் கேள்வி இருந்தது. மசாலாவிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டால் தண்ணீராகிச் சோற்றின்மேல் சொட்டும். மூடியும் சூடாக இருந்தால் ஆவி ஆவியாகவே நின்று சோற்றுக்குள் இறங்கும். மேல் மணி ஈரம் ஏறாமல் உதிராக இருப்பதற்கு அந்தக் கனல்தான் காரணம். கேஸ் அடுப்பில் செய்யும்போது கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தை மூடிமேல் வைத்துப் பார்த்தேன். பரவாயில்லை. சிரட்டைக்கு அது ஈடாகாது.

சுலைமானி சீக்கிரமே கைவந்தது. தேயிலை எங்கள் கைப்பழக்கம் ஆயிற்றே. எங்கள் அப்பாயி உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிப்பார். சுலைமானிக்குத் தண்ணீரில் ஏலக்காயும் கிராம்பும் சர்க்கரையும் கொதித்த பின் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தூளைப் போட வேண்டும், அதுவும் குறைவாக. இங்குள்ள குருணைத் தூள் சட்டென்று சாயம் இறக்கும். கொதிக்க விட்டால் துவர்க்கும். வடித்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் புளிப்புப் பட்டதும் கருஞ்சிவப்பு தெளிந்து தேன் நிறத்துக்கு வரும். பிரியாணியின் நெய்க் கனத்துக்கு அது அவ்வளவு பொருத்தம்.

படத்தில் எனக்கு மிக நெருக்கமானது மதுரைப் பகுதி. வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்த பேரனைக் கரீம் இக்கா மதுரைக்கு அனுப்புகிறார். தெருவில் கிடப்பவர்களுக்குச் சோறு கொடுக்கும் நாராயணன் கிருஷ்ணனை அங்கே அவன் சந்திக்கிறான். ஜெயப்பிரகாஷ் நடித்த அந்தப் பாத்திரம் மதுரையில் நிஜமாகவே அந்தப் பணியைச் செய்தவரை வைத்து எழுதப்பட்டது. ஃபைசிக்குச் சமைக்க ஏற்கெனவே தெரியும். யாருக்காகச் சமைப்பது என்பதுதான் மதுரையில் தெரிகிறது. வசனத்துக்காக அஞ்சலி மேனனுக்குத் தேசிய விருது கொடுத்தது நியாயமே. திலகன் படம் வந்த அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். பின்னர் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த நடிப்புக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன்.

அதைப் பார்த்துத்தான் ஞாயிற்றுப் பிரியாணியைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். அப்பாயியோடு கொழுந்து பறித்தவர்கள் சிலர் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட, இவர்கள் தனியாக. பல் இல்லாதவர்களுக்காகக் கோழியை இன்னும் மெத்தென்று வேக வைக்கிறேன், பச்சை மிளகாயைக் குறைத்து மிளகு கூட்டுகிறேன். கூட வைக்கும் தேங்காய்ச் சம்மந்தியை (துவையல்) அம்மியில் நைசாக அரைக்கிறேன். ஒரு பாட்டி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, "இலங்கையில புரியாணி கண்ணால கண்டதில்ல ஆயி, கல்யாண வீட்டுக்கு வெளியில நின்னு வாசந்தான் புடிச்சோம்" என்றார். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தையல் பிடிக்கும், அதுதான் சோறு போடுகிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாளைக்காக மற்ற நாளெல்லாம் காத்திருப்பது இந்த வயதில் எனக்குப் புதிது.

அடுத்து லயம் முழுவதற்கும் ஒரே செம்பில் செய்யப் போகிறோம். ஐந்து கிலோ அரிசி, விறகடுப்பு, வாடகைச் செம்பு. அளவு கூடினால் ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கும் மாறும். பெரிய செம்பில் ஆவியாகிப் போவது குறைவு, தண்ணீரைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று இத்தாவிடம் கேட்டேன். அரிசியைத் தானே வறுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். தண்ணீரை மட்டும் நான்தான் ஊற்ற வேண்டுமாம்.